ஆள் வந்து சொல்லாத சாவு

எங்கள் பக்கத்தில் ஒருவர் சாவது ஒன்று, அவர் செத்துப்போனார் என்று சொல்லப்படுவது இன்னொன்று. முதலாவது கடவுள் கையில் இருந்தது. இரண்டாவது ஒரு குறிப்பிட்ட மனிதரின் காலில் இருந்தது. அவர் நடந்து வந்து, வாசலுக்கு வெளியே நின்று, தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இன்னார் இன்ன நேரத்தில் போய்ச் சேர்ந்தார் என்று சொன்னால்தான் அந்த வீட்டுக்கு அது சாவு. அதுவரைக்கும் அது வெறும் பேச்சு.

இதற்குக் கேதம் சொல்லுதல் என்று பெயர். பங்காளிகளுக்குச் சொல்லிவிட வேண்டியதில்லை, தீட்டு அவர்களுக்குத் தானாகவே வந்துவிடும். பெண் கொடுத்த வீட்டுக்கும் பெண் எடுத்த வீட்டுக்கும் ஆள் போயே ஆக வேண்டும். போகாவிட்டால் அவர்கள் வர மாட்டார்கள். வராவிட்டால் இரண்டு குடும்பமும் பிறகு ஒரு தலைமுறைக்குப் பேசிக்கொள்ளாது. "நல்லதுக்குக் கூப்பிட்டாப் போகணும், கெட்டதுக்குக் கூப்பிடாமலே போகணும்" என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அதைச் சொல்கிறவர்களே சம்பந்தக்காரர் வீட்டுச் சாவென்றால் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கேட்டால், அது ஊராருக்குச் சொன்னது, இது உறவுக்குள்ளது என்பார்கள். ஒரே வாயில் இரண்டு சட்டம் வைத்துக்கொள்வதில் எங்கள் ஆட்களுக்கு ஒருநாளும் சிரமம் இருந்ததில்லை.

சொல்ல வருகிறவர் கண்மாய்க் கரைக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவர்களில் ஒருவராக இருப்பார். இன்ன குடும்பத்துக்குத்தான் இந்த வேலை என்று எப்போதோ எழுதாமலே எழுதி வைத்திருந்தார்கள். பத்து மைலானாலும் நடைதான், பதினைந்தானாலும் நடைதான். படி ஏற மாட்டார், ஏறவும் விட மாட்டோம். அவர் வாய் திறந்ததும் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழத் தொடங்குவார்கள். அந்த அழுகை சற்று அடங்கும்வரை வேப்பமரத்தடியில் நிற்பார். பிறகு யாராவது ஒரு மரக்கால் நெல்லைக் கொண்டுவந்து அவர் துண்டில் கொட்டுவார்கள். அதை முடிந்துகொண்டு அடுத்த ஊருக்கு நடப்பார்.

அம்மாவின் அப்பா இறந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். குன்றக்குடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் அப்படி நடந்து வந்தார். என் அப்பா அவரிடம் வரிசையாகக் கேள்வி கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. உயிர் எத்தனை மணிக்குப் போனது, எப்போது எடுக்கிறார்கள், யார் யாருக்குச் சொல்லியாகிவிட்டது, மேலூர்க்காரர்கள் வந்துவிட்டார்களா, நாங்கள் ஊர் எல்லையில் எந்த இடத்தில் கூட வேண்டும். எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. இதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அந்த வழக்கத்தில் இழிவு மட்டும் இருந்திருந்தால் அதை விடுவது சுலபமாக இருந்திருக்கும். இழிவோடு சேர்த்து அதில் விவரமும் இருந்தது, மரியாதையும் இருந்தது. இழிவெல்லாம் ஒருவருக்கு, மரியாதையெல்லாம் எங்களுக்கு என்று பிரிந்திருந்ததுதான் கோளாறு.

அறுபதுகளின் நடுவில் என் தாய்மாமா ஊரில், அந்தப் பக்கத்துத் தெருக்காரர்கள் கூடிப் பேசி, இனிமேல் கேதம் சொல்லப் போவதில்லை, கொட்டு அடிக்கவும் வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். கேதம் சொன்ன பெரியவருக்கு இரண்டு மகன்கள். ஒருவர் பட்டாளத்துக்குப் போய்விட்டார். இன்னொருவர் காரைக்குடியில் ஓர் அரிசி மில்லில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். மாதச் சம்பளம் வாங்குகிறவரை மரக்கால் நெல்லைக் காட்டி நடக்க வைக்க முடியாது. ஊர் கூடியது, மிரட்டியது, கெஞ்சியும் பார்த்தது. ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வருஷத்துக்குள் எங்கள் ஊரிலும் அதே பேச்சு வந்தது.

இனி என்ன செய்ய வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தபால் இருந்தது, தந்தி இருந்தது, காரைக்குடியிலிருந்து நாலா பக்கமும் பஸ் ஓடியது. ஊர் என்ன செய்தது என்றால், அவர்கள் சொன்னதைக் காதில் வாங்காததுபோல இருந்துவிட்டது. இனி வர மாட்டோம் என்று ஒரு பக்கம் தெளிவாகச் சொல்லிவிட்டது. வராமல் எங்கே போவார்கள் என்று இன்னொரு பக்கம் வாசலைப் பார்த்தபடியே இருந்தது. அப்படி இருந்தவர்களில் என் அப்பாவும் ஒருவர்.

அப்பாவை முரட்டு ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. பம்புசெட் வந்தபோது எங்கள் ஊரில் முதலில் வைத்தவர் அவர்தான். யூரியா மூட்டையை வாங்கிவந்து, பயந்துகொண்டே என்றாலும், போட்டவர். வயல் விஷயத்தில் அவருக்குப் புதுசு என்றால் பயமில்லை. நான்கு பேர் பார்க்கிற விஷயத்தில்தான் பயம்.

அந்தப் பயத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. நான் சொல்லப்போகும் நாளுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டுக்குத் தந்தி வந்தது. எங்கள் பக்கத்தில் தந்தி என்றாலே சாவு. பிரித்து முழுசாகப் படிக்கக்கூட யாருக்கும் பொறுமையில்லை. பிணத்தின்மேல் போர்த்தும் கோடித் துணியும் மாலையுமாக எட்டுப் பேர் அழுதுகொண்டே போய் இறங்கியிருக்கிறார்கள். சாக வேண்டியவர் கட்டிலில் சாய்ந்துகொண்டு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாராம். உடம்பு சரியில்லை, வந்து பார்க்கவும் என்றுதான் தந்தியில் இருந்திருக்கிறது. அவர் பிறகு நன்றாகத் தேறி, அந்தக் கோடி வேட்டியையே கட்டிக்கொண்டு திரிந்தார் என்று ஊரில் சொல்லிச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் முதல் ஆள் என் அப்பா.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

அறுபதுகளின் கடைசி. காரைக்குடியில் பி.ஏ. முடித்துவிட்டு, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, வீட்டில் சும்மா இருந்தேன். அமராவதிபுதூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சித்திரை மாதம், காலை ஒன்பதரை மணி இருக்கும். தந்தி கொண்டுவரும் சேவகர் சைக்கிளை வாசலில் நிறுத்தினார். அப்பா கையெழுத்துப் போட்டு வாங்கி என்னிடம் கொடுத்தார். இங்கிலீஷில் இருந்தது. அப்பா காலமானார், உடனே புறப்படவும். அனுப்பியவர் மாமாவின் மூத்த மகன்.

நான் தமிழில் சத்தமாகத்தான் படித்தேன். அம்மா உள்வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு ஒரே அண்ணன். தகப்பனார் போன பிறகு பிறந்த வீடு என்று அவளுக்கு இருந்தது அந்த அண்ணன் ஒருவர்தான். ஒவ்வொரு பொங்கலுக்கும் தலையில் கரும்புக் கட்டோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வருவார். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு, "என்னப்பா போட்டுருக்கு? இன்னொருக்காப் படி" என்றாள். படித்தேன். அவள் அப்பாவைப் பார்த்தாள்.

அப்பா தந்தியை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "ஆள் வரும். வரட்டும்" என்றார்.

"அதான் தந்தி வந்துருச்சுல்லப்பா."

"காகிதத்துக்கு வாய் இருக்காடா? எப்ப எடுக்குறாக, யாருக்கெல்லாம் சொல்லியிருக்காகன்னு கேட்டாச் சொல்லுமா? கோடிய எடுத்துக்கிட்டு ஓடுனவுக கதை தெரியுமுல்ல? பொண்ணு கொடுத்த வீடு, நமக்கு ஒரு ஆள் அனுப்ப மாட்டாகளா?"

அம்மா உள்ளே போனாள். அவள் என்ன செய்கிறாள் என்று பார்க்கப் பின்னாலேயே போனேன். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அரிசியைக் களைந்து போட்டாள். அம்மியில் மிளகாயை வைத்து அரைக்க ஆரம்பித்தாள்.

இது புரியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். கேதம் சொன்னால்தான் அடுப்பை அணைக்கலாம். கேதம் சொன்னால்தான் தலையை விரித்துப்போட்டு அழலாம். சொல்லாத சாவுக்கு அழுதால் அது அபசகுனம், உயிரோடு இருக்கிறவருக்கு ஆகாது. ஆகையால் அண்ணன் செத்துப்போனது தெரிந்த ஒரு பெண், அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குக் குழம்பு வைத்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மிளகாய் அரைத்ததால் அதற்கும் ஒரு சாக்கு இருந்தது.

தந்தி வந்தது தெருவுக்கே தெரியும். ஆனால் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஆள் வராத வீட்டில் வந்து என்னவென்று கேட்பது? எதிர்வீட்டுப் பெண்கள் வாசலுக்கு வருவதும், எங்கள் வாசலைப் பார்ப்பதும், உள்ளே போவதுமாக இருந்தார்கள். அத்தனை பேரும் சேர்ந்து ஒரு விஷயம் தெரியாதவர்களாக நடித்துக்கொண்டிருந்தோம். அந்த நடிப்பில் ஒருவர்கூடச் சறுக்கவில்லை.

பதினொரு மணிக்கு எனக்குப் பொறுக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எங்கே என்று அப்பா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. காரைக்குடி வழியாகக் குன்றக்குடிச் சாலையில் மிதித்தேன். மாமா ஊருக்குத் திரும்புகிற இடத்தில் ஒரு டீக்கடை இருக்கிறது. அங்கே வந்ததும் கால் நின்றுவிட்டது. அம்மா இல்லாமல், கோடி இல்லாமல், நான் மட்டும் அந்த ஊருக்குள் எப்படிப் போவது? இத்தனைக்கும் பி.ஏ. படித்தவன். கடைக்குள் போய் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ சொன்னேன்.

கொட்டுச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தேன். கேட்கவில்லை. அடிப்பதற்கு ஆள் இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. ஒரு பெரிய வீட்டுச் சாவு அவ்வளவு அமைதியாக நடந்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

கடைக்கு வெளியே ஒருவர் சைக்கிளைப் பிடித்தபடி நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். முப்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, அதன் மடிப்புகளில் தவிட்டுத் தூசி. என்னை இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டுக் கேட்டார். "இறந்த பெரியவரு தங்கச்சி மகன்தானே நீங்க?"

முகத்தைப் பார்த்ததும் எனக்கும் தெரிந்துவிட்டது. தாத்தா இறந்தபோது நடந்து வந்து எங்கள் வேப்பமரத்தடியில் நின்றவரின் மகன். மில்லில் வேலை பார்க்கிறவர். அவருடைய அப்பா எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைகளைக்கூடச் சாமி என்றுதான் கூப்பிட்டார். இவர் பேச்சில் அது இல்லை. பெஞ்சில் இடமிருந்தும் அவர் வெளியேதான் நின்றார். அவர் கையில் இருந்த கிளாஸ் வேறு, என் கையில் இருந்த கிளாஸ் வேறு. நான் எழுந்து வெளியே வந்தேன்.

"தந்தி வந்துச்சா?" என்றார்.

"வந்துச்சு."

"பொறகென்ன? அம்மாவைக் காணோம்?"

"ஆள் வந்து சொல்லணும்னு அப்பா உக்காந்துருக்காரு."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "ஆளுன்னா எங்கய்யாதானே" என்றார். டீயைக் குடித்து முடித்து, கிளாஸைக் கழுவி அதற்குரிய இடத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார்.

அப்போதுதான் நான் அதைச் செய்தேன். எனக்கு இப்போதும் கூசுகிறது. கல்லூரியில் சமத்துவம் பற்றி மேடையேறிப் பேசிப் பரிசு வாங்கியவன் நான். "இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும், எங்கம்மாவுக்காக, நீங்க வந்து சொல்ல முடியுமா? சைக்கிள்லயே போயிறலாம்" என்றேன். அவர் வயதில் மூத்தவர். 'நீங்க' என்று சொன்னதையே ஒரு பெரிய சலுகையாக நினைத்துக்கொண்டு சொன்னேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "எங்கய்யா நடந்து நடந்தே தேஞ்சாரு. அவரு செத்தப்ப உங்க பக்கம் ஒருத்தரும் வந்து எட்டிப் பாக்கல. ஏன் தெரியுமா? உங்க சாவ அவரு சொன்னாரு. அவரு சாவ யாரு சொல்றது?" என்றார்.

சைக்கிளைச் சாலைப் பக்கம் திருப்பினார்.

"நான் வர மாட்டேன் தம்பி. இன்னைக்கு ஒங்களுக்குன்னு வந்தா, நாளைக்கு இன்னொருத்தவுக வந்து நிப்பாக. எங்க தெருவுல எல்லாருமாச் சேந்து எடுத்த முடிவு." சைக்கிளில் ஏறப் போனவர் காலை எடுத்துக் கீழே வைத்தார். "ஆனா சொல்ல மாட்டேன்னு நான் சொல்லல. இப்பச் சொல்றேன், கேட்டுக்கங்க. உங்க மாமா விடியக்காலம் கோழி கூப்புடயில இறந்துட்டாக. அஞ்சு அஞ்சரைக்குள்ள எடுக்குறாக, வெயிலு தாங்காது. மத்த சம்பந்தக்காரவுக எல்லாரும் வந்தாச்சு. உங்க அம்மா கோடிக்குத்தான் பாத்துக்கிட்டு இருக்காக. இந்தா, ஆள் சொல்லியாச்சு. இன்னார் மகன் சொன்னான்னு உங்க அய்யாகிட்டப் போய்ச் சொல்லுங்க. நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

ஏறி மிதித்துப் போய்விட்டார். எனக்கு அவருடைய சாமர்த்தியத்தைவிட, அவர் என்னைத் தம்பி என்றது முதலில் மனதில் நின்றது. குத்தியது என்றுதான் சொல்ல வேண்டும்.

திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். மாமா வீட்டில் எல்லோரும் காத்திருக்கிறார்கள். தந்தி கொடுத்தும் வரவில்லையே என்று அங்கே கோபம். ஆள் அனுப்பவில்லையே என்று இங்கே கோபம். நடுவில் மாமா கிடக்கிறார். எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று எனக்குள் சூடு ஏறிக்கொண்டே வந்தது. இன்றைக்கு இதற்கு ஒரு முடிவு கட்டிவிட வேண்டும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி இரண்டே முக்கால். மூன்றேகாலுக்குக் காரைக்குடி பஸ் இருந்தது. அதைப் பிடித்தால் ஐந்து மணிக்குள் மாமா ஊருக்குப் போய்விடலாம்.

அப்பா அதே இடத்தில் இருந்தார். சாப்பிட்டிருக்கவில்லை. குழம்பு மூடியபடி இருந்தது. அம்மா உள்வாசல் கதவோரம் உட்கார்ந்திருந்தாள். கோடி வேட்டி ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து மடியில் வைத்திருந்தாள். அதுவரை அவள் வழக்கத்தை மீறியது அவ்வளவுதான்.

"மாமா ஊர் வரைக்கும் போனேன். அம்மாவுக்காகத்தான் எடுக்காம வச்சிருக்காக. உடனே கிளம்புங்க" என்றேன்.

அப்பாவின் முகம் மாறியது. அவர் எழுந்தேவிட்டார். அதை நான் நன்றாகப் பார்த்தேன். "யாரும் சொல்லிவிட்டாகளா?" என்றார்.

ஆமாம் என்று சொல்ல வேண்டியதுதான். சொல்லியிருந்தால் அது பொய்கூட இல்லை.

"யாரும் சொல்லிவிடல. எதுக்குச் சொல்லிவிடணும்? அதான் தந்தி கொடுத்துருக்காகல்ல. இனிமே யாரும் வர மாட்டாக, இன்னைக்கு மட்டுமில்ல, என்னைக்குமே வர மாட்டாக. இதை நீங்க ஒத்துக்கிட்டுத்தான் ஆகணும்" என்றேன்.

அப்பா உட்கார்ந்துவிட்டார்.

அதன்பிறகு நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது எல்லாவற்றையும் எழுத வேண்டியதில்லை. நான் நன்றாகத்தான் பேசினேன். ஒரு மனிதனை வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்துப் பெற்றுக்கொள்கிற மரியாதை என்ன மரியாதை என்று கேட்டேன். அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். நான் பிடித்த முயலுக்கும் மூன்றுதான். இடையில் அம்மா ஒரு தடவை, "பஸ்ஸு வர நேரமாச்சு" என்றாள். யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை. இரண்டு பேருமே கேட்கவில்லை. மூன்றேகால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு சாலையில் போனதை மூவரும் கேட்டோம்.

நாலே முக்காலுக்கு ஒரு சைக்கிள் வந்து நின்றது. மாமாவின் மனைவிக்குத் தம்பி. வியர்த்துக் கொட்டி, முகம் சிவந்து, கடுங்கோபத்தில் இருந்தார். படி ஏறவில்லை. அப்பாவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"தந்தி கொடுத்தும் வரலைன்னா என்ன அர்த்தம்? காலையில இருந்து போட்டு வச்சுருக்கோம். இனிமே தாங்காது, எடுக்கப் போறாக. இத்தோட இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

அப்பா எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். உள்ளே திரும்பி அம்மாவிடம், "இந்தா, ஆள் வந்துருச்சு. கிளம்பு" என்றார்.

உறவை அறுத்துக்கொள்ள வந்தவரைக் கேதம் சொல்ல வந்தவராக அப்பா எடுத்துக்கொண்டார். அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே அவருக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. நாள் முழுக்க அவரும் போகத்தான் காத்துக்கொண்டிருந்தார். அந்தக் கணத்தில்தான் அம்மாவின் அழுகை வெளியே வந்தது. ஏழு மணி நேரம் தேக்கி வைத்த அழுகை. அடுப்பில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு ஓடிவந்தாள். எதிர்வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் அப்போதுதான் கேள்விப்பட்டவர்களாக மாரில் அடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

நாங்கள் பஸ் பிடித்து, காரைக்குடியில் வாடகைக் கார் பிடித்து மாமா ஊருக்குப் போனபோது விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. எடுத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஆண்கள் சுடுகாட்டில் இருந்தார்கள். பெண்கள் அங்கே போகக் கூடாது. வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஈரம் காயவில்லை. எங்கே படுக்க வைத்திருந்தீர்கள் என்று அம்மா கேட்டாள். யாரும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. ஒரு சின்னப் பெண் மட்டும் கையைக் காட்டினாள். அம்மா அந்த ஈரத்தில் உட்கார்ந்து, மடியில் கோடியை வைத்துக்கொண்டு அழுதாள். கூட உட்கார்ந்து அழ அந்த வீட்டுப் பெண்கள் ஒருவரும் வரவில்லை.

பதினாறாம் நாளுக்கு எங்களுக்கு யாரும் சொல்லிவிடவில்லை. தந்தியும் வரவில்லை.

அம்மா அப்பாவைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. நான் அப்பாவைக் குறை சொன்னால் என்னைத்தான் அடக்குவாள். "சொல்லிவிடாமப் போயி நின்னா என்னப்பா மரியாதை? அவுக ஒரு ஆளக் கண்டுபுடிச்சு அனுப்பியிருக்கணும்" என்பாள். இழந்தவளே இழக்கவைத்ததற்கு வக்காலத்து வாங்குவது எனக்கு ஆத்திரமாக இருக்கும். பிறகுதான் புரிந்தது. அந்த வழக்கம் சரியானது என்று அவள் நம்பியாக வேண்டும். அது தப்பு என்று ஆகிவிட்டால், அன்றைக்கு அவள் கொதிக்கும் உலையில் அரிசியைப் போட்டதற்கு என்ன அர்த்தம்? வழக்கத்தால் நன்மை அடைகிறவர்கள்தான் அதைக் காப்பாற்றுகிறார்கள் என்று புத்தகங்களில் படித்திருந்தேன். அதற்காக நிறைய விலை கொடுத்தவர்களும் கூடவே நிற்கிறார்கள் என்பதை எங்கள் வீட்டில்தான் பார்த்தேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. விவசாயம் சொல்லித்தரும் கிராம சேவக்குகளோடு ஊர் ஊராகப் போய்க் கூட்டத்தில் பேசியதை எழுதிக்கொண்டு வர வேண்டும். புது ரக நெல்லை விதைக்கச் சொல்வோம். முடியாது என்பார்கள். வைக்கோல் குட்டை, சோறு மறுநாளைக்கு நிற்காது, பாட்டன் காலத்து நெல்லை விட மாட்டோம். நான் 'மக்களிடம் ஆர்வமில்லை' என்று எழுதுவேன். ஆனால் அடுத்த போகத்தில் போய்ப் பார்த்தால், கூட்டத்தில் அதிகம் கத்தியவரின் வயலில், சாலையிலிருந்து தெரியாத கடைசிச் செய்யில், அந்த நெல் நிற்கும். என்ன இது என்று கேட்டால், "இதுவா, மச்சான் ஊர்ல இருந்து வந்த வெதை" என்பார். கூடவந்த கிராம சேவக் வயதானவர். ஆமாம், நல்ல விதைதான் என்று சொல்லிவிட்டு நடப்பார். நாங்கள் கொடுத்ததுதானே என்று நான் சொல்லப்போனால் என் கையைப் பிடித்து அழுத்துவார்.

இந்தக் கதையைத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் முறத்தில் உளுந்தைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மச்சான் ஊர் விதை என்றதும் சிரித்தாள். அவள் சிரித்ததில் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. இதே மாதிரிதான் மாமா ஊரில் அந்த மில்காரர் என்று தொடங்கி, டீக்கடையில் நடந்ததைச் சொன்னேன். அதற்கு முன் அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர் எவ்வளவு சாமர்த்தியமாகப் பேசினார் என்பதற்காகத்தான் சொன்னேன். வரவும் மாட்டேன் என்றார், சொல்லவும் செய்தார், பாருங்கள் என்று.

அம்மாவின் கை நின்றுவிட்டது.

"சொன்னாரா? அவரு வாயாலயே?"

"ஆமா. எப்ப எடுக்குறாக, யாரெல்லாம் வந்தாச்சு, எல்லாத்தையும் சொன்னாரு. ஆள் சொல்லியாச்சுன்னு போய்ச் சொல்லுங்கன்னாரு."

"எத்தனை மணிக்கு?"

"பன்னெண்டரை இருக்கும்."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "அப்ப ஆள் சொல்லியிருக்கு. எனக்கு மத்தியானமே கேதம் சொல்லியாச்சு" என்றாள். தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அதை ஏம்ப்பா உங்க அப்பாகிட்டச் சொல்லல? எந்திருச்சு நின்னு கேட்டாருல்ல?"

அவரை மறுபடியும் தூது போகிற ஆளாக ஆக்க எனக்கு மனமில்லை என்று சொல்லலாம். அப்படித்தான் நானே எனக்குச் சொல்லி வைத்திருந்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை.

"தந்தி வந்தாலே போதும்னு அப்பா ஒத்துக்கிரணும்னு நெனச்சேன்" என்றேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். முறத்தை எடுத்து மறுபடியும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவரு ஒத்துக்கிட்டா என்ன, ஒத்துக்கிராட்டி என்னப்பா. எனக்கு எங்கண்ணன் மொகத்தப் பாக்கணும், அம்புட்டுத்தான்" என்றாள்.